விளையாட்டுத் தோழர்களுக்கு விடை சொல்லும்போது...

போனில் விளையாடுவதை நிறுத்த வைத்தியரிடம் எதற்கு வர வேண்டும்? போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினால் தீர்ந்தது! இப்படித்தான் பல பெற்றோர் நினைக்கிறார்கள். பூட்டிய மூன்றாம் நாள் பையன் சரியாகச் சாப்பிட மாட்டான். அடுத்து தலைவலி, எரிச்சல். ஒரு வாரம் கழித்து, "பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னே தெரியலை டாக்டர்" என்று அழைத்து வருவார்கள்.

அவன் இழந்தது விளையாட்டை மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். இந்த ஆன்லைன் விளையாட்டுகளில் நாலு பேர் ஒரு அணி. காதில் மைக்கை மாட்டிக்கொண்டு, முகம் பார்க்காமலே வருடக்கணக்கில் பேசுகிறார்கள். ஆட்டத்தைப் பற்றி மட்டுமா பேசுவார்கள்? அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதது, வேலை போனது, காதல் தோற்றது எல்லாம் அங்கேதான் பேசப்படும். 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜி மொபைல் அதில் ஒன்று. அக்டோபர் 30-ம் தேதி இந்தியாவில் அதன் சேவை அடியோடு நின்றது. நல்லதாப் போச்சு என்று வீட்டில் பெருமூச்சு விட்டோம். பல இளைஞர்களுக்கு அன்றைக்குக் கூட்டாளிகளே காணாமல் போனார்கள்.

நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் கதை உங்களுக்குத் தெரியுமா? தசைகள் சிறிது சிறிதாக வலுவிழக்கும் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் இருந்தபடி ஆன்லைன் விளையாட்டிலேயே பெரும்பொழுதைக் கழித்தார். 2014-ல் 25 வயதில் இறந்தபோது, நம் பிள்ளை தனிமையிலேயே வாழ்ந்து போனானே என்று பெற்றோர் கலங்கினார்கள். மரணச் செய்தியை இணையத்தில் போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. சிலர் விமானம் ஏறி இறுதிச் சடங்குக்கே வந்து விட்டார்கள்! ஆகவே 'வெட்டிப் பசங்க சகவாசம்' என்று ஒரேயடியாகச் சொல்லி விடாதீர்கள்.

எளாவூர்ப் பக்கம் பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமத்திலிருந்து ஒருவரைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். வயது 24. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஆறேழு வருட விளையாட்டுக் கூட்டு. ஒருவர் தூத்துக்குடி, இருவர் கோவை, ஒருவர் துபாய். கல்யாணம் நிச்சயமானதும் அவரே விட்டு விடுவதென்று முடிவு செய்தார். எப்படி விட்டார் தெரியுமா? யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் அழித்து விட்டார். அதன்பிறகு தூக்கமும் இல்லை, வேலையில் கவனமும் இல்லை.

அவருடைய அப்பா ஏரியில் வலை போடுகிறவர். பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். "உங்க முறை அன்னிக்குப் போக முடியலைன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "சொல்லிடுவோம் ஐயா. சொல்லாம இருந்தா கூட்டாளிங்க காத்துக் கெடப்பாங்களே" என்றார். சொல்லிவிட்டு மகனைத் திரும்பிப் பார்த்தார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. பசி, தாகம், தும்மல், கொட்டாவி இவற்றோடு நித்திரையும் கண்ணீரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இரவில் கண் விழித்து ஆடுபவர் நித்திரையை அடக்குகிறார். பித்தம் மிஞ்சி கண் எரிச்சல், தலைக்கனம், மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாக வரும். விட்டு விட்டு வருகிறவரோ கண்ணீரை அடக்குகிறார். 'விளையாட்டுக்குப் போய் அழுவாங்களா, ஆம்பளைப் பிள்ளை!' என்று வீடே சிரித்தால் அவர் வேறென்ன செய்வார்? நாலு நாள் வருத்தமாக இருக்கட்டும், விடுங்கள்.

விடைபெறுவதற்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே அணியினரிடம் தெரிவிக்கட்டும். காரணத்தை ஒளிக்க வேண்டாம். 'தூக்கம் கெடுது, கல்யாணம் வருது' என்று உள்ளதைச் சொன்னாலே புரிந்துகொள்வார்கள். அணித் தலைவராக இருந்தால் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கட்டும். கடைசி ஆட்டத்தை நள்ளிரவில் வைக்காமல் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். மிக நெருங்கிய இரண்டு மூன்று பேரின் போன் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பேசலாம். ஆட்டம் போகட்டும், ஆட்கள் இருக்கட்டுமே! முகம் தெரியாதவர்களிடம் பணம் கொடுக்கல் வாங்கல் மட்டும் கூடவே கூடாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டே தடுத்திருக்கிறது. அங்கே சேர்ந்த கூட்டத்துக்கு விடை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உடனே வெளியே வந்து விட வேண்டும்.

தூக்கத்தைத் திருப்புவதற்குப் பத்துப் பதினைந்து நாளாவது ஆகும். இரவு ஒரு மணிக்குப் படுத்துப் பழகியவரை ஒன்பது மணிக்குப் படு என்றால் நடக்காது. மூன்று நாளைக்கு ஒரு முறை அரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். சாயங்காலத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். படுக்கும்முன் இளஞ்சூடான பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள் போதும்; அதிகமானால் மயக்கம் தரும். சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வேண்டாம். வாரம் இரு முறை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்கலாம். சளி, காய்ச்சல் இருக்கும்போது கூடாது. எண்ணெய் முழுகிய அன்று பகலில் தூங்கக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். சூரணம், லேகியம் எல்லாம் நேரில் பார்த்து நாடி பிடித்த பிறகுதான்.

விளையாடுகிற எல்லோரும் நோயாளிகள் அல்ல. நிறுத்த நினைத்தும் முடியாமல், படிப்பு, வேலை, சாப்பாடு எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இந்த நிலை பொதுவாக ஒரு வருடம் நீடித்தால்தான் அதை நோய் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022 ஜனவரி முதல் அதன் நோய்ப் பட்டியலில் இது நடைமுறையில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு எண்ணெய்க் குளியல் மட்டும் போதாது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 'வாழவே பிடிக்கலை' என்று ஒரு வார்த்தை வந்தாலும் நாள் பார்க்காதீர்கள்; அன்றைக்கே 104 அல்லது 14416 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த நேரம் அவரைத் தனியாக விட்டுவிட்டு யாரும் வெளியே போக வேண்டாம்.