கூரையைத் துளைத்து வரும் கடிகாரங்கள்

நம்பிக்கை: ஒளி வேகத்தை நெருங்கினால் காலம் மெதுவாகும் என்பது வெறும் தியரி. யார் போய்ப் பார்த்தார்கள்?

உண்மை: அப்படிப் பயணம் செய்தவை நம் ஊருக்கே வந்துகொண்டிருக்கின்றன. சோமனூரில் ஏதாவது ஒரு தறி குடோனுக்குள் நின்று உள்ளங்கையை விரித்து நீட்டுங்கள். ஏறக்குறைய நொடிக்கு ஒன்று வீதம் மியூவான் என்ற நுண்துகள் அதன் வழியே போகும். கூரை அதற்கு ஒரு தடையே இல்லை. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் அது பிறக்கிறது. அசையாதிருக்கும் மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளி வேகத்திலேயே ஓடினாலும் அதற்குள் 660 மீட்டர்தான் தாண்டும். அப்படிப் பார்த்தால் தரைக்கு அநேகமாக எதுவும் வந்து சேரக் கூடாது. ஆனால் வருகிறது. ஒளி வேகத்தில் 99.95 விழுக்காட்டில் பாயும் மியூவானின் ஆயுள், நம் கடிகாரக் கணக்கில் 31 மடங்குக்கு மேல் நீள்கிறது. 20 கிலோமீட்டர் கடக்க அது போதும்.

இதை முன்கூட்டியே எழுதியவர்களில் ஒருவர் நம் ஹோமி பாபா. தானாகச் சிதையும் துகளே ஒரு கடிகாரம், ஓடும்போது அது சிதைய அதிக நேரம் எடுக்கும் என்று 1938இல் 'நேச்சர்' இதழில் சொன்னார். 1941இல் இயற்பியலாளர்கள் ரோஸியும் ஹாலும் அமெரிக்க மலையொன்றின் மேலும் கீழும் துகள்களை எண்ணி அதை உறுதி செய்தார்கள். பாபா நிறுவிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வரும் ஊட்டியிலேயே இருக்கிறது. அங்கே 6 மீட்டர் நீள இரும்புக் குழாய்களால் ஆன 3,712 எண்ணிகள் நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்களைப் பதிவு செய்கின்றன. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நம்பிக்கை: வேகமாகப் போகிறவருக்கு ஆயுள் கூடும்.

உண்மை: ஒரு நாள்கூடக் கூடாது. ஒளி வேகத்தில் 99 விழுக்காட்டில் 10 ஆண்டு சுற்றித் திரும்புகிறவருக்குப் பசி, தூக்கம், நரை எல்லாமே 10 ஆண்டுக்கானவைதான். ஊரில்தான் 70 ஆண்டு ஓடியிருக்கும். மியூவானும் அப்படியே. அதன் கணக்கில் ஆயுள் நீளவே இல்லை; 15 கிலோமீட்டர் காற்றுதான் அரை கிலோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. இரண்டு கணக்கும் வேறு வேறு, விடை ஒன்று. சார்பியலில் மனம் நின்றுவிடும் இடம் இதுதான்.

நம்பிக்கை: 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் ஒரு கிரகத்தில் கழித்த ஒரு மணி நேரம் பூமியில் ஏழு ஆண்டானது கப்பலின் வேகத்தால்.

உண்மை: அல்ல. முக்கியக் காரணம் அருகிலிருந்த கருந்துளையின் ஈர்ப்பு. ஈர்ப்பு மிகுந்த இடத்திலும் காலம் மெதுவாகும். இந்த வழியில் வருங்காலத்துக்குப் போகலாமே தவிர, நேற்றைக்குத் திரும்ப முடியாது.

நம்பிக்கை: நம் பிழைப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உண்மை: நூல் பேல் ஏற்றிவரும் லாரி டிரைவர் செல்போன் மேப்பைப் பார்த்துத்தான் வழி பிடிக்கிறார். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் கடிகாரம், வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோ நொடி பிந்துகிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 மைக்ரோ நொடி முந்துகிறது. நிகரமாக முந்தும் 38 மைக்ரோ நொடியைச் சரிக்கட்டத்தான், தரையிலிருந்து ஏவும் முன்பே அந்தக் கடிகாரங்களின் ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து வைக்கிறார்கள்.