வளைவதும் முறிவதும்

கண்ணாடி என்றதும் மணலை உருக்கிச் செய்த பொருளே நினைவிற்கு வருகிறது. அறிவியலோ, மூலக்கூறுகள் ஒழுங்கின்றி உறைந்து இறுகிய திண்மங்களையும் கண்ணாடி என்றே வழங்குகிறது. பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் ஆகிய நெகிழிகள் இரண்டும் அத்தகைய பலபடிக் கண்ணாடிகளே. ஒளிபுகும் தன்மையால் இவை ஒன்றுபோல் தோன்றினும், இழுவிசைக்கு உட்படும்போது வேறுபடுகின்றன.

பாலிஸ்டைரீன் தகட்டை வளைத்தால் முதலில் வெண்ணிறக் கீற்றுகள் தோன்றும். பின் அது சட்டென்று முறியும். அதன் நீளம் சில விழுக்காடு கூடுவதற்குள் முறிவு நேர்ந்துவிடுகிறது. பாலிகார்பனேட்டோ ஓரிடத்தில் கழுத்துப்போல் ஒடுங்கி, அவ்வொடுக்கம் பரவப் பரவ, ஏறத்தாழ இருமடங்கு நீளவல்லது.

இவ்வேறுபாட்டின் வேர் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ளது. பாலிஸ்டைரீனில் பென்சீன் வளையங்கள் சங்கிலியின் பக்கவாட்டில் தொங்குகின்றன. பாலிகார்பனேட்டிலோ அவை சங்கிலியின் முதுகெலும்பாகவே அமைந்து அதனை விறைப்பாக்குகின்றன. விறைப்பானது எளிதில் ஒடியும் என எண்ணுவது இயல்பு. இங்கு நிகழ்வதோ அதற்கு மாறானது. சுருண்டு கிடக்கும் நூலைவிட நீண்டு கிடக்கும் நூலே பிற நூல்களை மிகுதியாகச் சந்திக்கும். அவ்வாறே விறைத்த சங்கிலிகளும் நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன.

பின்னல் அரிதான பாலிஸ்டைரீனில் தகைவு மிகும்போது நுண்துளைகள் திறக்கின்றன. அவற்றுக்கு இடையே மெல்லிய இழைகள் பாலமிட்டுச் சுமையைத் தாங்குகின்றன. வெண்கீற்றாகத் தெரிவது இதுவே. இழைகள் அறுந்ததும் கீற்று விரிசலாகிறது. பின்னல் அடர்ந்த பாலிகார்பனேட்டில் துளைகள் எளிதில் திறப்பதில்லை. சங்கிலிகள் நழுவி நீள்கின்றன. நீண்ட பகுதி மேலும் உறுதி பெறுவதால் திரிபு அடுத்த பகுதிக்குப் பரவுகிறது.

1953இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே பாலிகார்பனேட்டை உருவாக்கினர். 1969இல் நிலவில் கால்பதித்தோரின் தலைக்கவசக் கூண்டு இப்பொருளால் ஆனதே.

எனினும் இவ்வுறுதிக்கும் எல்லை உண்டு. கூரிய வெட்டு, மிகுந்த தடிமன், நாள்பட்ட முதுமை ஆகியன பாலிகார்பனேட்டையும் நொறுங்கச் செய்யும். அசிட்டோன் போன்ற கரைப்பான் பட்டாலும் விரிசல் தோன்றும். தலைக்கவசத்தின் முகமறைப்பைக் கரைப்பானால் துடைப்பவர், பளபளப்பை நாடித் தம்மைக் காக்கும் பின்னலையே தளர்த்திவிடுகிறார்.