நோயாளி வீடு திரும்பும் முன்: வீட்டு மின்னமைப்பைச் சோதித்துச் சான்று பெறுவோம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளுள் பலர் இப்பொழுது மருந்துச் சீட்டுடன் ஒரு மின்கருவியையும் கொண்டு செல்கின்றனர். ஆக்சிஜன் செறிவூட்டி, பைபாப், சளி உறிஞ்சும் கருவி, நெபுலைசர், படுக்கைப்புண்ணைத் தடுக்கும் காற்றுப் படுக்கை ஆகியவை வீட்டு அறைகளுக்குள் வந்துவிட்டன. மருந்தை எவ்வேளை கொடுப்பது, கருவியை எவ்வாறு இயக்குவது என்பவற்றைச் செவிலியர் விளக்கி அனுப்புகின்றனர். ஆனால் அக்கருவியை இணைக்கும் சுவர் சாக்கெட்டின் பின்னே உள்ள கம்பிகள் எந்நிலையில் உள்ளன என்று கேட்பவர் குறைவு. விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது. ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். மின்னமைப்பு இயங்குவது ஒன்று, பாதுகாப்பாக இருப்பது வேறொன்று. இவ்விதழில் அந்த வேறுபாட்டையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நோயாளிக்கு ஆபத்து ஏன் மிகுதி?

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. உடலின் வழியாக ஏறத்தாழ 1 மில்லியாம்பியர் பாய்ந்தால் சுருக்கென்ற உணர்வு தோன்றும். 10 மில்லியாம்பியர் அளவில் கைத்தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட இயலாமற் போகலாம். 30 மில்லியாம்பியரைக் கடந்து மின்னோட்டம் நீடித்தால் மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் பிரியவும் கூடும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமே ஏறத்தாழ 40 மில்லியாம்பியர் என்பதை எண்ணிப் பார்த்தால், எவ்வளவு சிறிய அளவு உயிரைப் பறிக்கப் போதுமானது என்பது விளங்கும்.

இவ்வளவுகள் நலமுள்ளவர்களுக்கு உரியவை. நோயாளியின் நிலை வேறு. வியர்வையாலும், ஈரத்துணியால் உடல் துடைப்பதாலும் அவர் தோல் ஈரமாக இருக்கலாம். ஈரத்தோல் மின்னோட்டத்தைத் தடுக்கும் ஆற்றலைப் பெரிதும் இழக்கிறது. கை கால் வலுவிழந்தவர் அதிர்ச்சி ஏற்பட்டால் விலக இயலாது. பேச இயலாதவர் உதவிக்கு அழைக்க முடியாது. அவர் படுத்திருப்பது பெரும்பாலும் இரும்புக் கட்டில். கட்டிலின் மீது கசிவு பரவினால், அவரைத் தொட்டுத் தூக்கும் உறவினரும் அதே ஆபத்துக்கு உள்ளாவார்.

மூன்று காவல்கள்

வீட்டு மின்னமைப்பில் மூன்று காவல்கள் உள்ளன. ஒவ்வொன்றின் பணியும் வேறு; ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

முதலாவது எம்.சி.பி. மின்பளு மிகுந்தாலும், ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாகத் தொட்டுக்கொண்டாலும் இது மின்சாரத்தைத் துண்டிக்கும். கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே இதன் வேலை. 16 ஆம்பியர் எம்.சி.பி. மனித உடலைக் காக்கும் என்று எதிர்பார்த்தல் தவறு. உயிருக்கு ஆபத்தான 30 மில்லியாம்பியரோ அந்த 16 ஆம்பியரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரண்டாவது எர்த் இணைப்பு. கருவியின் உலோக உடலில் கசிவு ஏற்பட்டால், அது மனித உடலைத் தேடாமல் மண்ணுக்குள் செல்ல வழி தருவது இது. வீட்டின் ஓரத்தில் 2.5 மீட்டர் நீளக் குழாயைப் புதைத்து, கரியும் உப்பும் இட்டு அமைக்கும் எர்த் குழியைப் பலரும் பார்த்திருப்போம். எனினும் எர்த் மட்டும் போதுமா என்பதை ஒரு கணக்கால் அறியலாம். குழியின் மின்தடை 5 ஓம் எனக் கொள்வோம். ஃபேஸ் கம்பி கருவியின் உடலைத் தொட்டால், 230ஐ 5ஆல் வகுக்க வரும் 46 ஆம்பியருக்கு மேல் அங்குப் பாயாது. வீடுகளில் பரவலாக உள்ள 'சி' வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாகத் துண்டிப்பதற்குக் குறைந்தது 80 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியரில் அது துண்டிக்கப் பல நொடிகள் ஆகலாம். அந்நொடிகளில் கருவியின் உடலில் மின்னழுத்தம் நிலைத்து நிற்கும்.

இந்த இடைவெளியை நிரப்புவதே மூன்றாவது காவலாகிய மின்கசிவுத் துண்டிப்பான். ஆர்.சி.சி.பி. என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். ஃபேஸ் வழியாகச் சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பியதும் சமமாக உள்ளனவா என்று இது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வேறுபாடு 30 மில்லியாம்பியரை எட்டினால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லியாம்பியர் அளவுடையதையே பொருத்த வேண்டும். இதன் முகப்பில் 'டெஸ்ட்' பொத்தான் ஒன்று இருக்கும், எம்.சி.பி.யில் அது இராது. உங்கள் வீட்டுப் பெட்டியில் எது உள்ளது என்பதை இவ்வடையாளம் கொண்டே அறியலாம்.

இதற்கும் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் தொட்டால் இக்கருவி அதனை அறியாது. ஆகவே மூன்று காவல்களும் சேர்ந்தே இருத்தல் வேண்டும்.

பணியை யார் செய்ய வேண்டும்?

தெரிந்தவர், அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் பெற்றவர் என்பது மட்டும் போதாது. புதிய இணைப்பு, கூடுதல் இணைப்பு, மாற்றம், பழுதுநீக்கம் ஆகிய பணிகளை மாநில அரசின் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது நம் நாட்டின் மின்பாதுகாப்பு விதி. விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை, அமைப்பின் திறனும் தன்மையும் மாறாதபடி, மாற்றிப் பொருத்துவதற்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் ஒப்பந்ததாரர்களுக்கான உரிமத்தையும், மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பியாளர் உதவியாளர் ஆகியோருக்கான தகுதிச் சான்றிதழ்களையும் மின் உரிம வாரியம் வழங்குகிறது. பணியைத் தொடங்கும் முன் உரிமத்தைக் காட்டுமாறு கேட்பது உங்கள் உரிமை. உரிமம் நடப்பில் உள்ளதா என்று தேதியையும் பாருங்கள். முறையாகப் பயின்றவர் இதனைக் குறையாகக் கொள்ளமாட்டார்.

சோதனையில் என்னென்ன இடம்பெற வேண்டும்?

டெஸ்டர் திருப்புளியில் விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது என்பது மட்டுமே தெரியும். முழுமையான சோதனை கீழ்க்கண்டவற்றை உள்ளடக்கும்.

1. கம்பி உறையின் நிலை. கருவிகளையெல்லாம் கழற்றிவிட்டு, மெக்கர் என்னும் அளவியால் 500 வோல்ட் அழுத்தத்தை ஒரு நிமிடம் செலுத்திப் பார்ப்பர். கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது 1 மெகா ஓம் தடை இருக்க வேண்டும். சுவர் ஈரம், எலி கடித்தல், பழைய உறையின் வெடிப்பு ஆகியவை இதில் வெளிப்படும்.

2. எர்த் தொடர்ச்சி. ஒவ்வொரு சாக்கெட்டின் மேல் துளையும் எர்த் குழி வரை தடையின்றி இணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் அத்துளையில் கம்பியே இராது. சிலவற்றில் அதனை நியூட்ரலுடன் சேர்த்திருப்பர். இது மிகவும் ஆபத்தானது. குழியின் மின்தடையையும் அளக்க வேண்டும். கோடையில் மண் வறண்டால் தடை உயரும் என்பதால் குழிக்கு நீர் ஊற்றி வருதல் நலம்.

3. கம்பிகளின் இடம். ஸ்விட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியைத் துண்டிக்க வேண்டும். சாக்கெட்டை நோக்கி நிற்கும்போது ஃபேஸ் வலப்புறத் துளையில் அமைய வேண்டும். இது மாறியிருந்தால் ஸ்விட்சை அணைத்த பின்னும் கருவிக்குள் மின்சாரம் நிற்கும்.

4. மின்கசிவுத் துண்டிப்பான். பொத்தானை அழுத்திப் பார்ப்பதோடு, எவ்வளவு கசிவில் எவ்வளவு நேரத்தில் துண்டிக்கிறது என்பதைக் கருவியால் அளக்க வேண்டும்.

5. மின்பளு. ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 300 முதல் 350 வாட் எடுக்கும். அது தனியே பெருஞ்சுமை ஆகாது. ஆனால் அதே வழியில் 1,500 வாட்டுக்கு மேல் எடுக்கும் ஏ.சி.யும், 2,000 வாட் வெந்நீர்க் கருவியும் இருந்தால் கம்பி சூடேறும். அனுமதிக்கப்பட்ட மின்பளுவை மீறுமாயின் மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் அறிக்கையை எழுத்தில் பெறுங்கள். அதில் தேதி, முகவரி, அளந்த எண்கள், கண்ட குறைகள், செய்த திருத்தங்கள், ஒப்பந்ததாரரின் உரிம எண், கையொப்பம் ஆகியவை இருத்தல் வேண்டும். "எல்லாம் நன்று" என்ற ஒரு வரி அறிக்கை ஆகாது. எண்கள் இருந்தால்தான் அடுத்த சோதனையில் நிலை மாறியிருப்பதை ஒப்பிட்டு அறிய முடியும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் முழுச் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது.

நோயாளியின் அறையில் கவனிக்க வேண்டியவை

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: இன்வெர்ட்டர் வழியும் மின்கசிவுத் துண்டிப்பானின் காவலுக்குள் உள்ளதா? இரு வழிகளின் நியூட்ரல் கம்பிகள் கலந்துவிட்டால் துண்டிப்பான் அடிக்கடி விழும். அத்தொல்லையைத் தவிர்க்க, சில வீடுகளில் இன்வெர்ட்டர் வழியை அதற்கு வெளியே விட்டுவிடுகின்றனர். நோயாளியின் அறையோ பெரும்பாலும் இன்வெர்ட்டர் வழியில்தான் இருக்கும். அப்படியானால் காவல் மிகத் தேவைப்படும் அறைக்கே காவல் இல்லாமற் போகிறது. அவ்வழிக்குத் தனி நியூட்ரலும் தனித் துண்டிப்பானும் அமைப்பதே தீர்வு.

செறிவூட்டி, பைபாப் போன்ற உயிர்காக்கும் கருவிகளைச் சுவர் சாக்கெட்டிலேயே நேரடியாக இணைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், ஒரே சாக்கெட்டில் பல பிளக்குகளைச் செருகும் அமைப்பும் கூடா. மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒருபோதும் வெட்டக் கூடாது.

ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு சிறு பொறியும் பெருந்தீயாகும். தலையணையும் போர்வையும் ஆக்சிஜனை உள்வாங்கி வைத்திருக்கும். ஆகவே குழாயை மூக்கிலிருந்து எடுத்தால் கருவியை அணைத்துவிடுங்கள். ஓடவிட்டபடி படுக்கையில் போடாதீர்கள். பூசை விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, அடுப்பு ஆகியவை குறைந்தது 3 மீட்டர் தொலைவில் இருக்கட்டும். அவ்வறையில் எவரும் புகைபிடித்தல் கூடாது.

வாடகை வீட்டில் வசிப்போருக்கும், வீடு முழுவதும் கம்பி மாற்ற வசதியில்லாதோருக்கும் ஒரு வழி உண்டு. பிரதானப் பெட்டியிலிருந்து நோயாளியின் அறைக்கு மட்டும் புதிய கம்பி, எர்த், தனி எம்.சி.பி., தனி மின்கசிவுத் துண்டிப்பான் ஆகியவற்றுடன் ஒரு வழியை உரிமம் பெற்றவரைக் கொண்டு அமைக்கலாம். வீட்டு உரிமையாளரிடம் இக்கட்டுரையைக் காட்டிப் பேசுங்கள்.

மாதந்தோறும் ஒரு சோதனை

மின்கசிவுத் துண்டிப்பானின் 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிடில் அது பழுதடைந்துள்ளது. நோயாளி கருவியின் துணையில் இருக்கும்போது இச்சோதனையைத் திடீரெனச் செய்யாதீர்கள். மாற்று ஆக்சிஜன் சிலிண்டரையோ பேட்டரியையோ தயார் நிலையில் வைத்து, ஒருவர் நோயாளியின் அருகில் இருக்க, மற்றொருவர் பொத்தானை அழுத்தலாம். மின்தடைக்கும் அதே சிலிண்டர் உதவும். அதன் அளவியை வாரந்தோறும் பாருங்கள். வீட்டில் உயிர்காக்கும் கருவி இயங்குவதை உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலும் தெரிவித்து வையுங்கள். துண்டிப்பான் தானே அடிக்கடி விழுந்தால் அது ஓர் எச்சரிக்கை. அதனைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்புக் கொடுக்க எவரையும் அனுமதிக்காதீர்கள்.

விபத்து நேர்ந்தால்

முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். அதற்கு முன் அடிபட்டவரைத் தொடக் கூடாது. அணைக்க இயலாவிடில் உலர்ந்த மரப்பலகையின் மீது நின்று, உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். பின்னர் 108க்கு அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையெனில் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் அழுத்துங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள். உடனே எழுந்து அமர்ந்தவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வெளியே சிறு தழும்பே தெரிந்தாலும் உள்ளே தசையும் இதயமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பின்னரே நிலையை உறுதி செய்ய முடியும்.

வீடு திரும்பும் முன் விடை காண வேண்டியவை

நோயாளி கட்டிலிடப்போகும் அறையில் மூன்று துளைச் சாக்கெட்டுக்கு உண்மையான எர்த் உள்ளதா? 30 மில்லியாம்பியர் துண்டிப்பான் உள்ளதா? இன்வெர்ட்டர் வழியும் அதன் காவலில் உள்ளதா? சோதித்தவரின் உரிம எண்ணுடன் எழுதிய அறிக்கை கையில் உள்ளதா? மின்தடைக்கு மாற்று ஏற்பாடு ஆயத்தமா?

ஐந்துக்கும் "ஆம்" என்ற விடை கிடைத்த பின் கருவியை இணையுங்கள். ஏதேனும் ஒன்றுக்கு விடை தெரியாவிடில், வீடு திரும்பும் நாளைக் குறிக்கும் முன்பே வார்டு செவிலியரிடம் சொல்லுங்கள். ஓரிரு நாள் கூடுதலாகத் தங்கியிருக்கலாமா, அதுவரை சிலிண்டருக்கு ஏற்பாடு செய்யலாமா என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்வோம்.