சந்தைக்கு வழி கேட்ட ஸஹாபி

சபருக்குப் புறப்படும் பிள்ளைக்கு யாஸீன் ஓதி, துஆச் செய்து, பெட்டி கட்டி அனுப்பி வைக்கிறோம். ஊறுகாய் ஜாடியைக்கூட மறப்பதில்லை. ஆனால், போகுமிடத்து மக்களோடு எப்படிப் பழகுவது, அவர்களிடையே தொழிலில் எப்படி முன்னேறுவது என்று சொல்லி அனுப்புகிறோமா? இந்தப் பாடத்தை முஹாஜிரீன்களின் வாழ்விலிருந்து நாம் படிக்கலாம்.

கி.பி. 622-ல் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்களைப் பற்றி, 'இரு ஊராரும் அரபுகள்தாமே, என்ன வேற்றுமை?' என்று நாம் நினைத்து விடுகிறோம். அப்படியல்ல. மக்காவாசிகள் விளைச்சலற்ற பள்ளத்தாக்கில் பிறந்த வணிகர்கள். மதீனாவாசிகளோ பேரீச்சந் தோட்டக்காரர்கள். அங்குள்ள சந்தை, பனூ கைனுகா என்ற யூதக் குலத்தாரின் பெயரால் வழங்கி வந்தது. வீட்டு வழக்கமும் வேறுதான். குறைஷிகளிடத்தில் ஆண் சொல்லே சொல். அன்ஸாரிப் பெண்களோ கணவருக்கு மறுமொழி சொல்பவர்கள். அதைக் கண்டு தம் மனைவியும் ஒருநாள் எதிர்த்துப் பேசவே, தாம் திடுக்கிட்டதை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களே பிற்காலத்தில் எடுத்துரைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் துணைவியரே அப்படிப் பேசுகிறார்களே என்பது அம்மையாரின் பதில்! புகாரீயில் இது விரிவாக வந்துள்ளது.

இத்தகைய புது ஊரில் கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்தாம் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அன்னாரை ஹஜ்ரத் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) என்ற அன்ஸாரிச் செல்வருக்குச் சகோதரராக்கினார்கள். ஸஅத் அவர்கள் தம் பொருளில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்களோ, சகோதரரின் பொருளிலும் குடும்பத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்துவிட்டு, சந்தை எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும்தாம் அன்னாருக்கு அங்கே கிடைத்த முதல் இலாபம். 'மக்காவில் நான் யார் தெரியுமா?' என்று பேசிக் கொண்டிருக்கவில்லை. (நம் சபராளிகள் சிலருக்கு இந்தப் பேச்சே பாதி நேரத்தைத் தின்று விடுகிறது.) சில நாட்களில் மணப்பொருளின் மஞ்சள் அடையாளத்தோடு நாயகம் (ஸல்) அவர்கள் முன் வந்தார்கள். ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணந்திருந்தார்கள். மஹர், பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கம். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பின்னாளில் அன்னார் ஸஹாபாக்களில் பெருஞ்செல்வர்களில் ஒருவரானார்கள்.

வந்த ஊரின் வழக்கம் எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக் கொள்வதா என்று கேட்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். மதீனாவில் பேரீச்சம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பணம் கொடுத்து வைக்கும் பழக்கம் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதை அடியோடு தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் திட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் கட்டளையிட்டார்கள். தோட்டக்காரருக்கு முன்பணம் கிடைத்தது. வாங்குபவர் ஏமாறும் வழி அடைபட்டது. ஃபிக்ஹு நூல்களில் இன்றும் 'ஸலம்' என்ற தனிப்பாடமாக இருப்பது இதுதான். நிறுவையில் மக்காவாசிகளின் எடையும், முகத்தலளவையில் மதீனாவாசிகளின் அளவும் கொள்ளப்படும் என்றும் ஹதீஸில் வந்துள்ளது. எந்த ஊராருக்கு எதில் பழக்கம் அதிகமோ, அதில் அவர்கள் அளவே அளவு. நோன்புப் பெருநாளில் ஷாஃபிஈ மத்ஹபினர் ஃபித்ராவுக்கு அளக்கும் ஸாஉ, மதீனாவின் ஸாஉதான்.

இனி பாஷை. ஹஜ்ரத் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் அப்போது சிறு பிராயத்தினர். யூதர்களுக்கு எழுதும் கடிதங்களுக்கும், அவர்களிடமிருந்து வரும் கடிதங்களுக்கும் பிறர் கையை நம்பியிருக்கக் கூடாது என்பதற்காக, அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பதினைந்து நாட்களுக்குள் கற்றதாகத் திர்மிதீயில் காண்கிறோம்.

நம் பிள்ளைகளின் நிலை என்ன? வளைகுடா நாடுகளில் வேலை ஒப்பந்தம் பற்றி வழக்கு வந்தால், பெரும்பாலும் அரபியில் எழுதியதே செல்லும். அதில் கையொப்பமிடும் நம் பிள்ளையோ, ஐந்து வயதிலேயே குர்ஆன் ஓத உட்கார்ந்தவன். எழுத்து தெரியும், பொருள் தெரியாது. சம்பளம் எவ்வளவு, விடுமுறை எத்தனை நாள், தவணை எப்போது முடிகிறது என்பதைக்கூட அடுத்தவர் வாயால் கேட்டே நம்புகிறான். நாயகம் (ஸல்) அவர்கள் ஸைது அவர்கள் மூலம் நீக்கிய குறை இதுவே அல்லவா?

விசா வருவதற்குச் சிறிது காலம் ஆகிறது. அந்த நாட்களில் இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் பையனுக்கு அரபு ஒப்பந்தம் படிக்கச் சொல்லித் தர முடியுமா என்று பெற்றோர் நம் ஊர் மதரஸா உஸ்தாதைக் கேட்டுப் பார்க்கட்டும்.