கழுத்து வலிக்கு மருந்தில்லா ஊசி: தெரிந்து கொள்வோம்



"கழுத்தைத் திருப்பவே முடியல மதினி. டவுன்ல ஊசி குத்துனா சரியாயிருமாமே, குழுவுல கடன் கிடைக்குமா?" ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் வந்த கேள்வி இது. நடவு, தலைச்சுமை, பீடி சுற்றுவது என்று நாள் முழுக்கக் குனியும் நமக்கு இந்த வலி புதிதல்ல. கடன் வாங்கும் முன் விவரம் தெரிந்து கொள்வோமா?

அது என்ன ஊசி?

இதற்கு 'ட்ரை நீடிலிங்' என்று பெயர். ஊசிக்குள் மருந்து கிடையாது. தசையில் இறுகிப்போன முடிச்சைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதில் மெல்லிய ஊசியைக் குத்தி எடுப்பார்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

1979-ல் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட், 241 பேருக்கு 312 வலி இடங்களில் ஊசி குத்திய விவரத்தை வெளியிட்டார். நூற்றுக்குச் சுமார் 87 இடங்களில் உடனே வலி குறைந்தது. ஆனால் ஊசி போடாதவர்களோடு அவர் ஒப்பிடவில்லை. பிறகு பலர் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். கொஞ்ச காலத்துக்கு வலி குறைகிறது என்பது தெரிந்தது. மற்ற பிசியோதெரபி சிகிச்சைகளை விட இது மேல் என்று நிரூபணமாகவில்லை. நீண்ட நாள் பலனுக்கும் உறுதியான சான்று இல்லை.

எச்சரிக்கை

தோள்பட்டைத் தசைக்குக் கீழே நுரையீரல் இருக்கிறது. ஊசி ஆழமாகப் போனால் நுரையீரலில் ஓட்டை விழலாம். இது அபூர்வம்தான். ஆனாலும் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. நீங்கள் முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவரா?
2. எனக்கென்று புது ஊசி பிரிப்பீர்களா?
3. ஊசிக்குப் பிறகு என்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும்?

கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செலவில்லாமல் செய்யலாமே!

அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து தோளைச் சுழற்றுங்கள். கழுத்தை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். ஒரே சுமையை இரண்டு நடையாகப் பிரியுங்கள். ஊசி போட்டாலும் இதை விட்டால் வலி திரும்பி வரும்.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. அதில் வீடு வீடாகப் போன தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கை மரத்துப் பலம் குறைந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, நெஞ்சும் சேர்ந்து வலித்தாலோ தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

குழுவில் பேசுங்கள்: நம்மில் எத்தனை பேருக்குக் கழுத்து வலி? எந்த வேலையால் வந்தது? அந்த வேலையை எப்படி மாற்றிச் செய்யலாம்?