விருந்தோம்பும் தகுதி

பெருவிழா ஒன்றைத் தம் ஊரில் நடத்த விரும்புவோர் பலர் இருக்கலாம். ஆயினும், விருப்பம் ஒன்றே விழாவை நடத்திவிடாது. வருவோர் தங்குவதற்கு இடம் வேண்டும். வந்து சேர்வதற்கு வழி வேண்டும். உணவும் நீரும் ஒளியும் காவலும் வேண்டும். இவை யாவும் அமைந்த பின்னும் ஒரு வினா எஞ்சி நிற்கும். விருந்தினர் விடைபெற்றுச் சென்ற பின், விழா எடுத்த ஊர் மகிழ்ந்திருக்குமா, கடன்பட்டு வருந்துமா என்பதே அவ்வினா. உலகக் கோப்பைக் கால்பந்தாட்டப் போட்டியைத் தன் மண்ணில் நடத்துவதற்கு ஒரு நாடு விண்ணப்பம் செய்யும்போது, அவ்விண்ணப்பத்தை ஆராய்வோர் எண்ணிப் பார்க்க வேண்டியவையும் இவையே.

கால்பந்தாட்டத்தை உலக அளவில் நெறிப்படுத்தி வருவது, ஃபிஃபா என்று சுருக்கமாக வழங்கப்பெறும் பன்னாட்டுச் சங்கம் ஆகும். அது 1904ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தோன்றியது. அச்சங்கம் முதல் உலகக் கோப்பைப் போட்டியை 1930ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டில் நடத்தியது. உருகுவே சிறிய நாடு. எனினும், 1924ஆம் ஆண்டிலும் 1928ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் வெற்றி வாகை சூடிய நாடு அது. வரும் குழுவினரின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தானே ஏற்பதாக அது உறுதி கூறியது. மாண்டவிடியோ நகரில் புதியதோர் அரங்கையும் கட்டத் தொடங்கியது. போட்டி தொடங்கிய நாளில் அவ்வரங்கின் வேலை முடிவுறவில்லை. முதல் ஆட்டங்கள் வேறு சிறிய அரங்குகளில் நடைபெற்றன. சில நாட்களுக்குப் பின்னரே பெரிய அரங்கு திறக்கப்பெற்றது. அன்று வந்த குழுக்கள் 13 மட்டுமே. ஆதலால் ஒரே நகரம் அவ்விழாவைத் தாங்க முடிந்தது. பின்னர்க் குழுக்களின் தொகை பெருகியது. 1982ஆம் ஆண்டில் 24 ஆகவும், 1998ஆம் ஆண்டில் 32 ஆகவும் உயர்ந்த அத்தொகை, 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு 48 என வகுக்கப்பட்டது. குழுக்கள் பெருகப் பெருக, விழாவை ஏற்கும் நாட்டின் சுமையும் பெருகிற்று.

ஒரு நாட்டின் தகுதியை எவ்வாறு அளப்பது என்னும் வினா 1956ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் கூர்மையாக எழுந்தது. 1962ஆம் ஆண்டுப் போட்டியை எந்த நாட்டுக்கு அளிப்பது என்று முடிவு செய்வதற்காகச் சங்கத்தின் பேரவை அங்கே கூடியிருந்தது. 1954ஆம் ஆண்டுப் போட்டியைச் சுவிட்சர்லாந்து நடத்தியிருந்தது. 1958ஆம் ஆண்டுப் போட்டி சுவீடனுக்கு அளிக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஐரோப்பிய நாடுகள் ஆதலின், இம்முறை தென்னமெரிக்காவுக்கே வாய்ப்பு வரவேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. அர்ஜென்டினாவும் சிலியும் போட்டியிட்டன. அர்ஜென்டினாவிடம் பெரிய அரங்குகள் இருந்தன. பெரிய நகரங்களும் இருந்தன. எல்லாம் ஆயத்தமாக உள்ளன என்று அந்நாட்டினர் பெருமிதத்தோடு எடுத்துரைத்தனர்.

சிலியின் சார்பில் பேசியவர் கார்லோஸ் டிட்போர்ன் என்பவர். தம் நாடு செல்வத்திலும் கட்டடங்களிலும் அர்ஜென்டினாவுக்கு ஈடாகாது என்பதை அவர் அறிவார். ஆதலால் அவர் வேறு சான்றுகளை முன்வைத்தார். சங்கம் நடத்திய போட்டிகளில் சிலி இடையறாது பங்கு கொண்டு வந்ததை எடுத்துக் காட்டினார். இன வேற்றுமையும் சமய வேற்றுமையும் பாராட்டாத மக்கட்பண்பு அங்கே நிலவுவதைக் கூறினார். நிலையான அரசாட்சி நடைபெறுவதை விளக்கினார். கால்பந்தாட்டம் இன்னும் வளரவேண்டிய நாடுகளில் அதனை வளர்ப்பது சங்கத்தின் கடமை என்பதையும் நினைவூட்டினார். "எங்களிடம் ஒன்றும் இல்லை, ஆதலால் எல்லாவற்றையும் செய்து முடிப்போம்" என்னும் கருத்துடைய ஒரு தொடர் அவர் பெயரோடு சேர்த்து இன்றும் வழங்கி வருகின்றது. வாக்குகள் எண்ணப்பட்டபோது சிலிக்கு 32 வாக்குகளும் அர்ஜென்டினாவுக்கு 10 வாக்குகளும் கிடைத்திருந்தன. 14 நாடுகள் எப்பக்கமும் வாக்களிக்கவில்லை.

பேரவை செய்த முடிவு சரியா, தவறா என்பதை ஆராய்வது பயன் தரும். கையில் உள்ள பொருளை அளப்பது எளிது. அரங்கின் இருக்கைகளை எண்ணலாம்; சாலையின் நீளத்தை அளக்கலாம். ஆனால், ஒரு மக்களின் உறுதியை அளக்கும் கோல் எங்கும் இல்லை. உள்ளதை மட்டும் கண்டு முடிவு செய்தால், வளர்ந்த நாடுகளே மீண்டும் மீண்டும் வாய்ப்புப் பெறும்; வளரும் நாடுகள் என்றும் வாயிலிலேயே நிற்கும். உறுதிமொழியை மட்டும் நம்பி முடிவு செய்தாலோ, சொல் பொய்த்துப் போகும் நாளில் உலகம் முழுவதும் இடர்ப்படும். இவ்விரண்டுக்கும் இடையே நடுவுநிலை காண்பதே ஆராய்வோர் கடமை.

சிலியின் உறுதிக்குக் கடுஞ்சோதனை விரைவில் வந்தது. 1960ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் அந்நாட்டின் தென்பகுதியைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. அதன் அளவு 9.5. கருவிகளால் அளந்தறியப்பட்ட நிலநடுக்கங்களுள் அதனினும் பெரியது வேறொன்றில்லை. அதனால் எழுந்த ஆழிப்பேரலை பசிபிக் பெருங்கடலைக் கடந்து ஹவாய்த் தீவுகளையும் ஜப்பானையும் சென்று தாக்கியது. சிலியில் இலட்சக்கணக்கான மக்கள் வீடிழந்து வாடினர். போட்டிக்கென எண்ணப்பட்டிருந்த தென்னகத்து நகரங்கள் சில சிதைந்து கிடந்தன. நாடு துயரில் ஆழ்ந்திருக்கும் வேளையில் விளையாட்டு விழா வேண்டுமா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

டிட்போர்னும் அவருடைய தோழர்களும் திட்டத்தைக் கைவிடவில்லை, சுருக்கினர். பல நகரங்களில் நடத்த எண்ணியிருந்த ஆட்டங்களைத் தலைநகராகிய சாண்டியாகோ, வினா டெல் மார், ரான்காகுவா, வடகோடியிலுள்ள அரிக்கா என்னும் நான்கு நகரங்களில் அமைத்தனர். ரான்காகுவா நகரில் செம்புச் சுரங்க நிறுவனம் ஒன்றுக்குரிய அரங்கு பயன்படுத்தப்பட்டது. 1962ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் போட்டி தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 28ஆம் நாள், டிட்போர்ன் காலமானார். நாற்பது வயது நிறையாத அவர், தாம் அரும்பாடுபட்டுக் கொணர்ந்த விழாவைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. அரிக்கா நகரின் அரங்கு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்போட்டியில் பிரேசில் கோப்பையை வென்றது; சிலி மூன்றாம் இடம் பெற்றது.

அப்போட்டியில் ஒரு கசப்பும் உண்டு. இத்தாலியச் செய்தியாளர் சிலர் சாண்டியாகோ நகரின் வறுமையை இகழ்ந்து தம் நாட்டு இதழ்களில் எழுதினர். அச்செய்தி சிலி மக்களின் உள்ளத்தைப் புண்படுத்தியது. ஜூன் 2ஆம் நாள் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டம் அடிதடியில் முடிந்தது. இத்தாலிய ஆட்டக்காரர் இருவர் வெளியேற்றப்பட்டனர். ஒரு நாட்டின் குறையை எடுத்துக் கூறுவது வேறு, இகழ்வது வேறு. முன்னது திருத்தத்திற்கு வழிகாட்டும். பின்னது பகையை வளர்க்கும். பிற நாட்டை மதிப்பிடுவோர் மறவாது உள்ளத்தில் கொள்ளத்தக்க வேறுபாடு இது.

சிலியின் வரலாற்றை மட்டும் கேட்போர், துணிவு இருந்தால் எதையும் ஏற்கலாம் என்று எண்ணிவிடக்கூடும். கொலம்பியாவின் வரலாறு மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. 1986ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் உரிமை 1974ஆம் ஆண்டிலேயே கொலம்பியாவுக்கு அளிக்கப்பட்டது. அப்போது போட்டியில் கலந்துகொண்ட குழுக்கள் 16. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்தொகை 24 ஆயிற்று; சங்கத்தின் கோரிக்கைகளும் பெருகின. முதற்சுற்றுக்கு 40,000 பேர் அமரத்தக்க 12 அரங்குகள் வேண்டும். இரண்டாம் சுற்றுக்கு 60,000 பேர் அமரத்தக்க 4 அரங்குகள் வேண்டும். தொடக்க ஆட்டத்திற்கும் இறுதி ஆட்டத்திற்கும் 80,000 பேர் அமரத்தக்க 2 அரங்குகள் வேண்டும். ஆட்டம் நடைபெறும் நகரங்களை இணைக்கும் இருப்புப்பாதையும் வேண்டும் என்றனர்.

1982ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெலிசாரியோ பெட்டாங்கூர் அந்நாட்டின் தலைவராகப் பதவியேற்றார். அவர் வரவையும் செலவையும் சீர்தூக்கிப் பார்த்தார். அதே ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், கொலம்பியா அப்போட்டியை நடத்தாது என்று நாட்டு மக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தார். நாட்டில் செய்ய வேண்டிய பணிகள் பல உள்ளன. சங்கத்தின் மிகையான கோரிக்கைகளுக்கு ஒதுக்க நேரம் இல்லை. போட்டி நாட்டுக்குப் பயன்பட வேண்டுமேயன்றி நாடு போட்டிக்கு அடிமையாதல் கூடாது என்பன அவர் கூறிய கருத்துகள். ஏற்றுக்கொண்ட ஒன்றைக் கைவிடுவது பெருமைக்கு இழுக்கு என்று சிலர் கருதலாம். ஆயினும், தாங்க இயலாத சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இடைவழியில் விழுவதைவிட, தாங்க இயலாது என்பதைக் காலத்தே கூறுவது நேர்மையாகும்.

கொலம்பியா விட்ட பொறுப்பை மெக்சிகோ 1983ஆம் ஆண்டில் ஏற்றது. 1970ஆம் ஆண்டுப் போட்டியை நடத்திய அந்நாட்டில் அரங்குகள் முன்னரே இருந்தன. 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் மெக்சிகோ நகரைப் பெருநிலநடுக்கம் தாக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எனினும் ஆட்ட அரங்குகள் பெருஞ்சேதமின்றித் தப்பின. போட்டி குறித்த காலத்தில் நடந்தேறியது. முன்னரே அமைந்த வசதி, இடுக்கண் வந்த காலத்தில் எத்துணை உதவும் என்பதற்கு இது சான்று.

பிற்காலத்தில் விண்ணப்பங்களை ஆராயும் முறை விரிந்தது. வல்லுநர் குழுக்கள் நாடுகளுக்கு நேரிற் சென்று பார்த்து அறிக்கை அளிக்கலாயின. ஆனால் அறிக்கை வேறாகவும் முடிவு வேறாகவும் அமைந்தது உண்டு. 2022ஆம் ஆண்டுப் போட்டிக்குக் கத்தார் விண்ணப்பித்தபோது, ஜூன், ஜூலை மாதங்களின் கடும் வெப்பம் ஆட்டக்காரர்க்கும் காண்போர்க்கும் தீங்கு விளைக்கக்கூடும் என்று வல்லுநர் எச்சரித்தனர். ஆயினும், 2010ஆம் ஆண்டில் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர் 22 பேர் வாக்களித்தபோது, இறுதிச் சுற்றில் 14 வாக்குகள் பெற்றுக் கத்தாரே வென்றது. பின்னர்ப் போட்டியை நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அரங்குகளைக் கட்டிய அயல்நாட்டுத் தொழிலாளர் பட்ட துன்பங்களும் உலகெங்கும் கண்டனத்திற்கு உள்ளாயின.

இதன்பின், முடிவு செய்யும் உரிமை உறுப்பு நாடுகள் அனைத்தும் கூடும் பேரவைக்கு வழங்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுப் போட்டிக்குக் கனடா, மெக்சிகோ, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய மூன்றும் கூட்டாக விண்ணப்பித்தன. மொராக்கோ தனித்து விண்ணப்பித்தது. அரங்கு, தங்குமிடம், போக்குவரத்து, வருவாய், செலவு எனப் பகுத்து மதிப்பெண் வழங்கினர். நூற்றுக்கு 35 பங்கு அரங்குகளுக்கே உரியதாயிற்று. மனித உரிமைகள் பேணப்படுமா என்பதையும் ஆராய்ந்தனர். ஆனால் அதற்கு மதிப்பெண் இல்லை. ஐந்துக்கு, மூன்று நாடுகளின் கூட்டு விண்ணப்பம் 4.0 பெற்றது, மொராக்கோ 2.7 பெற்றது. மொராக்கோ குறித்த 14 அரங்குகளும் புதிதாகக் கட்டப்படவோ புதுப்பிக்கப்படவோ வேண்டியவையாக இருந்தமையே அதன் பெருங்குறை. 2018ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் மாஸ்கோவில் நடந்த வாக்கெடுப்பில் கூட்டு விண்ணப்பம் 134 வாக்குகளும் மொராக்கோ 65 வாக்குகளும் பெற்றன. மொராக்கோவுக்கு அது ஐந்தாவது தோல்வி. எனினும் அந்நாடு சோர்ந்துவிடவில்லை. ஸ்பெயினோடும் போர்ச்சுகலோடும் சேர்ந்து முயன்று, 2030ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் உரிமையை 2024ஆம் ஆண்டில் பெற்றது.

மதிப்பெண் பட்டியலில் அடங்காத ஒன்று, விழாவிற்குப் பிந்திய நாட்களாகும். பிரேசில் நாடு 2014ஆம் ஆண்டுப் போட்டிக்காக 12 நகரங்களில் அரங்குகளை அமைத்தது. அமேசான் காட்டின் நடுவிலுள்ள மனௌஸ் நகரிலும் 40,000 பேருக்கு மேல் அமரத்தக்க அரங்கு எழுந்தது. உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்களே அங்கு நடந்தன. பின்னர் அவ்விருக்கைகளை நிரப்பும் அளவுக்கு உள்ளூர்க் குழுக்களின் ஆட்டங்களுக்குக் கூட்டம் சேரவில்லை. போட்டிக்கு முந்திய ஆண்டிலேயே பிரேசில் மக்கள் பெருந்திரளாகத் தெருக்களில் கூடி, ஃபிஃபா கேட்கும் தரத்தில் அரங்குகள் எழுவதுபோல் அதே தரத்தில் மருத்துவமனைகளும் பள்ளிகளும் எழவேண்டும் என்று முழங்கினர். கால்பந்தாட்டத்தை உயிரெனப் போற்றும் மக்களே அவ்வாறு கேட்டனர் என்பது எண்ணத்தக்கது.

ஆகவே, ஒரு நாட்டின் விண்ணப்பத்தை ஆராய்வோர் மூன்றைச் சீர்தூக்க வேண்டும். அந்நாட்டிடம் இன்று உள்ளது எது என்பது ஒன்று. இல்லாததை உரிய காலத்தில் உண்டாக்கும் உறுதியும் ஆற்றலும் அதற்கு உண்டா என்பது மற்றொன்று. அவ்வாறு உண்டாக்கும் சுமையை யார் தாங்குவர், உண்டாக்கியவை யாருக்குப் பயன்படும் என்பது மூன்றாவது. முதல் வினாவுக்குக் கணக்கு விடை தரும். இரண்டாம் வினாவுக்கு அந்நாட்டின் வரலாறு விடை தரும். மூன்றாம் வினாவுக்கு விடை தரவேண்டியவர் அந்நாட்டு மக்களே. அவர்களைக் கேளாமல் செய்யும் மதிப்பீடு, எத்துணை மதிப்பெண்கள் நிறைந்ததாயினும், குறையுடையதே. வந்தவரை மகிழ்விப்பது விருந்தோம்பல். வீட்டிலுள்ளோரைப் பட்டினியில் வாட விடாமல் அதனைச் செய்வதே விருந்தோம்பும் தகுதி.