பொறுத்துப் பார்க்க நேரம் தராத ரத்தப் புற்றுநோய்

ரத்தப் புற்றுநோய்களில் சில, பத்து பதினைந்து ஆண்டுகள் மெதுவாக நடப்பவை. அக்யூட் மைலாய்டு லுகேமியா அப்படிப்பட்டதல்ல. ஏ.எம்.எல். என்று டாக்டர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த நோய் வாரக் கணக்கில் முற்றும். சிலருக்கு நாள் கணக்கில். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களாக முதிர வேண்டிய இளம் செல்கள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. நின்ற நிலையிலேயே பெருகவும் செய்கின்றன. பிளாஸ்ட் எனப்படும் இந்தச் செல்கள் மஜ்ஜையை அடைத்துக்கொள்ள, சிவப்பணு குறைந்து சோர்வும் மூச்சு வாங்கலும், உருப்படியான வெள்ளையணு குறைந்து காய்ச்சலும், தட்டணு குறைந்து ரத்தக் கசிவும் வருகின்றன.

இந்த நோயைச் சுற்றி வீட்டிலும் வார்டு வராந்தாவிலும் பேசப்படும் நம்பிக்கைகள் பல, பார்வைக்குத் தீங்கில்லாதவை. ஆனால் ஒவ்வொன்றும் நோயாளியின் சில நாட்களை விழுங்கிவிடுகிறது. இந்த நோயில் அந்தச் சில நாட்கள்தான் உயிர்.

“பிளேட்லெட் குறைஞ்சிருக்கு, டெங்குதான். பப்பாளி இலைச் சாறு குடுங்க.”

மழைக்காலத்தில் காய்ச்சலோடு தட்டணு குறைந்தால் முதலில் டெங்குவை நினைப்பது சரியே. அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில் தட்டணு இறங்கி, அடுத்த சில நாட்களில் தானாகவே ஏறத் தொடங்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் ஏறவில்லை, காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் வேறு எதையோ தேட வேண்டும்.

அதே ரிப்போர்ட்டில் மற்ற வரிகளையும் படித்தாலே பல சமயம் விவரம் தெரிந்துவிடும். கடுமையான டெங்குவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதால் ரத்தம் கெட்டிப்படும், பி.சி.வி. என்ற எண் ஏறும். லுகேமியாவில் ஹீமோகுளோபின் ஏழு, ஆறு என்று இறங்கியிருக்கும். தட்டணுவும் ஹீமோகுளோபினும் சேர்ந்து விழுந்திருந்தால், அன்றே ‘பெரிபெரல் ஸ்மியர்’ பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயமேற்றி, நோயியல் நிபுணர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. சாதாரண லேபிலேயே முடியும். அணுக்களை எண்ணும் மெஷின் பிளாஸ்ட் செல்லை வேறு வெள்ளையணுவாக எண்ணிவிடக்கூடும். பழகிய கண் ஏமாறாது. செல் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய உட்கரு, சிலவற்றில் அதன் பக்கத்திலேயே ஊசி மாதிரி மெல்லிய செந்நிறக் குச்சி. ஆவர் ராடு எனப்படும் அந்தக் குச்சி தென்பட்டால், நோய் மைலாய்டு வகை என்பது ஏறக்குறைய உறுதி.

வெள்ளையணு ஏறவில்லை, அதனால் லுகேமியா இல்லை என்று நிம்மதி அடைவதும் தவறு. ஏ.எம்.எல். நோயாளிக்கு வெள்ளையணு ஒரு லட்சத்தைத் தாண்டியும் இருக்கலாம், இரண்டாயிரத்துக்குக் கீழேயும் இருக்கலாம். கெண்டைக்காலில் ஊசி முனை அளவு செம்புள்ளிகள், வீங்கிய ஈறு, பல் பிடுங்கிய இடத்தில் நிற்காத ரத்தம், திடீரென்று அளவு மீறிப் போகும் மாதவிடாய் ஆகியவற்றில் ஏதாவது இருக்கும்போது, “ரத்தம் ஊறட்டும்” என்று பேரீச்சம்பழமும் பீட்ரூட்டும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இங்கே இரும்புக்குக் குறைவில்லை. ரத்தம் ஊறும் இடமே அடைபட்டிருக்கிறது.

“முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்க. அப்புறம் இடுப்பு விழுந்துடும்.”

இந்தப் பயத்தால் மஜ்ஜைச் சோதனைக்குக் கையெழுத்துப் போடாமல் நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிற குடும்பங்கள் உண்டு. ஊசி போவது முதுகுத்தண்டில் அல்ல, இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து அந்த இடத்தை மரத்துப்போகச் செய்வார்கள். பிறகு ஊசியை எலும்புக்குள் செலுத்தி, சிரிஞ்சால் மஜ்ஜையை உறிஞ்சுவார்கள். உறிஞ்சும் அந்தச் சில விநாடிகள் சுரீர் என்று வலிக்கும். இதை மறைக்காமல் முன்பே சொல்லிவிடுவது நல்லது. அடுத்து மெல்லிய துண்டு எலும்பு எடுப்பார்கள். அரைமணி நேர வேலை. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் நரம்புத் தண்டு அந்த இடத்தில் இல்லவே இல்லை.

“எத்தனாவது ஸ்டேஜ்?”

மார்பகப் புற்றுநோய்க்கும் குடல் புற்றுநோய்க்கும் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏ.எம்.எல். ரத்தத்தோடு உடல் முழுக்க ஓடுவதால் அதற்கு ஒன்று முதல் நான்கு வரையான கட்டங்கள் கிடையாது. கேட்க வேண்டியது, எந்த மரபணுவில் மாற்றம் என்பது. குரோமோசோம் 8-ம் 21-ம் இடம் மாறியிருந்தால் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படும். டி.பி.53 மரபணு கெட்டிருந்தால் கடினம். எஃப்.எல்.டி.3 மாற்றம் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கும். அதைக் குறிவைக்கும் மிடோஸ்டாரின் மாத்திரை 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. “பக்கத்து வீட்டுக்காரர் வெறும் மாத்திரையிலேயே இருபது வருஷமா நல்லா இருக்காரே, நமக்கு மட்டும் ஏன் கீமோ?” என்ற கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. அவருக்கு வந்தது பெரும்பாலும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவாக இருக்கும். இமாடினிப் மாத்திரை அந்த நோய்க்கானது. ஏ.எம்.எல்.-ஐ அது அடக்காது.

“பாஷாணம் குடுத்தா ரத்தப் புற்றுநோய் குணமாகும். இங்கிலீஷ் வைத்தியத்துலயே ஒத்துக்கிட்டாங்க.”

இதை விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் பாதி உண்மை. ஆபத்து அந்தப் பாதியால்தான்.

சித்த மருத்துவம் சொல்லும் அறுபத்து நான்கு பாஷாணங்களில் வெள்ளைப் பாஷாணமும் ஒன்று. வேதியியலில் அது ஆர்சனிக் ட்ரையாக்சைடு. 1970-களில் சீனாவின் ஹார்பின் நகரில் ட்சாங் டிங்டோங் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு நாட்டு மருந்தை ஆராய்ந்தார்கள். ஆர்சனிக், பாதரச உப்பு, தேரை நஞ்சு மூன்றும் சேர்ந்த கலவை அது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது வேலை செய்வது ஆர்சனிக் என்று தெரிந்தது. அதுவும் எல்லா லுகேமியாவிலும் அல்ல. ஏ.எம்.எல். நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும் ‘அக்யூட் ப்ரோமைலோசைடிக் லுகேமியா’ என்ற ஒரே ஒரு வகையில்தான் அது பிரமாதமாகக் கேட்டது. குரோமோசோம் 15-ம் 17-ம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் ஒரு கோளாறான புரதம் இந்த வகைக்குக் காரணம். ஆர்சனிக் அந்தப் புரதத்தையே சிதைக்கிறது.

இதே வகைக்கு இன்னொரு மருந்தும் சீனாவிலிருந்து வந்தது. ஷாங்காயில் வாங் ட்சென்யீயின் குழு, வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஏ.டி.ஆர்.ஏ. என்ற மருந்தைக் கொடுத்து, பிளாஸ்ட் செல்களைக் கொல்லாமல் முதிரவைத்தது. 1988-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் 24 நோயாளிகள். அனைவருக்கும் நோய் அடங்கியிருந்தது. 2013-ல் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள் இவ்விரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, அதிக ஆபத்தில்லாத நோயாளிகளில் வழக்கமான கீமோ இல்லாமலேயே 97 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுகளைச் சிக்கலின்றிக் கடந்தார்கள். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் இந்த வரலாற்றில் உண்டு. 1998 முதல் 2004 வரை அங்கே 72 புதிய நோயாளிகளுக்கு ஆர்சனிக்கை மட்டுமே முதன்மை மருந்தாகக் கொடுத்தார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. செலவு தாங்காத குடும்பங்களுக்கு அது திறந்துவிட்ட கதவு மிகப் பெரியது.

பாஷாணம் கேட்கத்தானே செய்கிறது என்று இங்கே ஒருவர் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சுத்திகரித்த மருந்து, பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராம், நரம்பு வழியாக, சொட்டுச் சொட்டாக. ஆர்சனிக் இதயத்துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும் என்பதால் இ.சி.ஜி.யையும் ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம் அளவையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். செல்கள் வேகமாக முதிரும்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அந்த நிமிடமே ஸ்டீராய்டு கொடுக்க ஆள் வேண்டும். அளவே தெரியாத ஒரு பொட்டலத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பவரிடம் இவற்றில் ஒன்றும் இருக்காது. நோய் எந்த வகை என்றுகூட அவருக்குத் தெரியாது. மற்ற பத்தில் ஒன்பது பேருக்கு ஆர்சனிக்கால் பலனில்லை, நஞ்சு மட்டும் மிச்சம்.

இன்னும் ஒன்று. இந்த வகையில் முதல் சில நாட்களிலேயே மூளையிலோ நுரையீரலிலோ ரத்தம் கசிந்து உயிர் போகும் ஆபத்து உண்டு. அதனால், மரபணு ரிப்போர்ட் வரும் வரை காத்திருக்காமல், ஸ்மியரைப் பார்த்துச் சந்தேகம் வந்த உடனேயே ஏ.டி.ஆர்.ஏ. மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் முழுக் குணம் காணக்கூடிய நோய் இது. அந்த முதல் வாரத்தைப் பாஷாண வைத்தியரின் வீட்டுத் திண்ணையில் கழிப்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

“ரத்தப் புற்றுநோய்னாலே முடிஞ்சுது.”

எண்பதுகளின் சினிமாவில் ரத்தம் கக்கி இறந்த கதாநாயகர்கள் நம் மனதில் இதைப் பதித்துவிட்டார்கள். அறுபது வயதுக்குட்பட்ட ஏ.எம்.எல். நோயாளிகளில், முழுச் சிகிச்சை கிடைத்தால், நூற்றுக்கு 35 முதல் 40 பேர் வரை குணமாகிறார்கள். இது பெரிய எண்ணிக்கை இல்லைதான். முடிந்துவிட்டது என்று கைகழுவும் அளவுக்குச் சிறியதும் இல்லை.

சிகிச்சையின் அடித்தளம் 1970-களில் வந்த ‘ஏழு ப்ளஸ் மூன்று’. சைட்டராபின் ஏழு நாள் இரவு பகலாகச் சொட்டும். டானோரூபிசின் மூன்று நாள். இந்த இரண்டாவது மருந்து நல்ல சிவப்பு. அடுத்த ஓரிரு நாள் சிறுநீரும் சிவந்து போகும். ரத்தம் போகிறதென்று குடும்பமே கலங்கும். அது மருந்தின் நிறம்.

“ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு, ஊருக்குப் போயிடலாம்.”

மிகவும் வருத்தம் தரும் நம்பிக்கை இதுதான். முதல் சுற்று முடிந்து, மஜ்ஜையில் பிளாஸ்ட் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் ‘ரெமிஷன்’ என்பார்கள். நோய் தெரியவந்தபோது உடலில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி லுகேமியா செல்கள் இருந்திருக்கும். ரெமிஷனிலும் நூறு கோடி செல்கள் மிச்சமிருக்கலாம்; மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாது, அவ்வளவே. அத்தோடு நிறுத்தினால் நோய் சில மாதங்களில் திரும்பிவிடும். அடுத்தடுத்த சுற்று கீமோவும், தேவைப்பட்டவர்களுக்கு ஸ்டெம் செல் மாற்றும் இதற்காகவே.

இடைவெளியில் வீட்டுக்கு அனுப்பும்போது தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 100.4 டிகிரியைத் தாண்டினால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும் உடலில் கிருமி சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தை வீழ்த்திவிடும். ஆஸ்பத்திரியில் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏறியிருக்க வேண்டும்.

“அண்ணன் ரத்தம் குடுத்தா சீக்கிரம் ஒட்டிக்கும்.”

பாசத்தில் சொல்வது. ஆனால் ஸ்டெம் செல் மாற்றுக்கு வாய்ப்பிருந்தால், உடன்பிறந்தவரின் ரத்தத்தை ஏற்றுவதை டாக்டர்கள் தவிர்ப்பார்கள். அவருடைய அணுக்களை நோயாளியின் உடல் முன்பே அந்நியமாக அறிந்துகொண்டால், பிறகு அவர் தரும் ஸ்டெம் செல்லை ஏற்காமல் போகக்கூடும். அவருடைய பெரிய தானத்துக்கு வேளை பின்னால் வரும். ஒவ்வொரு உடன்பிறப்பும் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. 1983-ல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் நடந்த, இந்தியாவின் முதல் வெற்றிகரமான மஜ்ஜை மாற்று, ஏ.எம்.எல். வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு. கொடுத்தது அவளுடைய சகோதரன். இன்று பாதி பொருந்தும் பெற்றோரிடமிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் எடுக்க முடிகிறது. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி போன்ற பதிவகங்கள் வழியாக உறவல்லாதவர்களிடமும் தேடலாம். கொடுப்பவருக்குப் பெரும்பாலும் சில நாள் ஊசி, பிறகு கை நரம்பு வழியாகச் சில மணி நேர மெஷின் வேலை. எடுத்தது மீண்டும் ஊறிவிடும்.

“கூடப் பழகினா ஒட்டிக்கும்”, “பரம்பரை நோய்”, “செஞ்ச பாவம்”

தொற்றாது. நோயாளிக்கு மாஸ்க்கும் தனி அறையும் நம்மிடமிருந்து அவரைக் காக்க. பரம்பரையாக வருவது அபூர்வம். புகைபிடித்தல், பென்சீன், முன்பு எடுத்த கீமோவோ கதிர்வீச்சோ சிலருக்குக் காரணமாகலாம். பெரும்பாலோருக்குச் சுட்டிக்காட்டக் காரணமே கிடையாது; அவர்கள் செய்ததோ செய்யத் தவறியதோ எதுவும் இல்லை.

“எழுபத்தஞ்சு வயசாச்சு. இனி எதுக்கு?”

முழு கீமோ தாங்காத முதியவர்களுக்கு அசாசிடிடின் ஊசியோடு வெனிடோகிளாக்ஸ் மாத்திரை இருக்கிறது. 2020-ல் வெளியான பெரிய ஆய்வில் ஊசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 9.6 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 14.7 மாதம். இது குணமல்ல, கூடுதல் காலம். அது வேண்டுமா என்பதைப் பிள்ளைகள் வராந்தாவில் கூடி முடிவு செய்யாமல், நோய் இன்னது என்று அவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும்.

“நம்மால முடியாத செலவு.”

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கீமோவும் இதில் அடக்கம். அட்டை இல்லையென்றால், நோயாளியை அட்மிட் செய்த அன்றே வீட்டில் ஒருவர் வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போகட்டும். இன்னொருவர் நோயாளியின் அருகில் இருக்கட்டும். அட்டை வரும் வரை சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டாம். அட்டைக்கு ஏற்பாடு நடக்கிறது என்று வார்டு டாக்டரிடமும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவிலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.